பாட்டி வீட்டுக் குழு: மாசாய் வளைகாப்பு

சனிக்கிழமை, காலை 7:12

நான்: வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. டேஷ்போர்டு விளக்கும் மங்கிவிடுகிறது. நாளை மலேசியாவில் மாசாய்க்கு, வளைகாப்புக்கு எப்படிப் போவது?

அம்மா: மறுபடியுமா

அண்ணன்: பேட்டரி மாற்றி 3 மாதம்தானே ஆகிறது

சின்ன மாமா: 2019-இல் சிஓஇ (வண்டி வைத்திருக்கும் 10 ஆண்டு உரிமம்) முடிந்தபோதே ஸ்கிராப் பண்ணச் சொன்னேன். யார் கேட்டீர்கள்? இப்போது ரோட் டேக்ஸும் ஒன்றரை மடங்கு.

அம்மா: நம் அப்பா கடைசிவரை ஓட்டிய வண்டி தம்பி. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

பிடோக் பெரியம்மா: காலை வணக்கம். வளையல் எத்தனை டஜன் வாங்குவது?

பெரிய மாமா: யாரும் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். இந்த ஆண்டில் இரண்டு மாற்றியாயிற்று. வொர்க்‌ஷாப்பில் ஒருவர்கூட மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் முதலில் எங்கே ஒழுகுகிறது என்றுதான் பார்ப்போம், தொட்டியையா மாற்றுவோம்? பாப்பா, தீபாவளிக்கு சீரியல் விளக்கு பார்க்க நான் கொண்டுவந்த மீட்டர் உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கீழே போ. பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பார். கையால் அசைத்தால் ஆடக்கூடாது. வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் காலி.

நான்: முனை சுத்தமாக, இறுக்கமாக இருக்கிறது மாமா. 11.7

பெரிய மாமா: அதுதான் டக் டக். பக்கத்து லாட்டில் வண்டி நிறுத்துபவரிடம் ஜம்ப் கேபிள் கேள், அவர் பேட்டரியிலிருந்து நம் வண்டியைக் கிளப்பலாம். சிவப்பு முதலில் நம் பிளஸ், அப்புறம் அவர் பிளஸ். கறுப்பு அவர் மைனஸ், கடைசி முனை நம் எஞ்சின் இரும்பில். நம் பேட்டரி மைனஸில் போடாதே, பொறி பறந்தால் ஆபத்து.

அண்ணன்: விஇபி (மலேசியாவுக்குள் வண்டி நுழையும் அனுமதி) ஒட்டியாயிற்றா? இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம்

அம்மா: போன மாதமே ஒட்டியாயிற்று. எல்லை தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்.

8:05

நான்: கிளம்பிவிட்டது! எஞ்சின் ஓடும்போது 14.2

பெரிய மாமா: நல்ல செய்தி. 13.8-இலிருந்து 14.4-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது) பேட்டரிக்கு ஒழுங்காக ஊட்டுகிறது. அப்படியானால் வண்டி தூங்கும்போது எதுவோ பேட்டரியைக் குடிக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வா.

சின்ன மாமா: டேஷ்கேம்தான் (முன் கண்ணாடி கேமரா). மாப்பிள்ளை மாட்டியது.

அண்ணன்: சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸில்தான் மாட்டினேன் மாமா

சின்ன மாமா: அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள்

பெரிய மாமா: சண்டை வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம். பாப்பா, வந்ததும் எஞ்சினை அணைத்து, பானெட்டையும் டிரைவர் கதவையும் திறந்து வை. கதவுத் தாழ்ப்பாளை ஸ்குரூடிரைவரால் பூட்டிய நிலைக்குத் தள்ளு. அப்போதுதான் கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நம்பும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்று. மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வை. அந்த நிலையில் மட்டும் சாவியைத் திருப்பாதே, மீட்டர் போய்விடும். அரை மணி நேரம் தொடாமல் விடு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரெல்லாம் தூங்கட்டும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி.

பிடோக் பெரியம்மா: வளையல் என்று கேட்டேனே

9:55

நான்: 40 நிமிடம் ஆயிற்று. 0.46-இலேயே நிற்கிறது

பெரிய மாமா: பார்த்தீர்களா! ஒரு நாளைக்கு 11 ஆம்பியர்-மணி போகிறது. நம் பேட்டரி மொத்தமே 45. ஞாயிறு ஓட்டி வியாழன் தொட்டால் எப்படிக் கிளம்பும்? இப்போது ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவி, எண் விழுகிறதா பார்த்துவிட்டு அதே இடத்தில் செருகு. முதலில் டேஷ்கேம்.

நான்: டேஷ்கேம் ஃபியூஸ் எடுத்தேன். 0.46 அசையவில்லை.

சின்ன மாமா: சரி மாப்பிள்ளை, தப்பாகச் சொல்லிவிட்டேன்

அண்ணன்: பரவாயில்லை மாமா

நான்: 0.04!!! உள்விளக்கு ஃபியூஸ். 10 ஆம்பியர், சிவப்பு.

பெரிய மாமா: அந்த ஃபியூஸில் கூரை விளக்கு, பூட் (பின் பெட்டி) விளக்கு, முன் பெட்டி விளக்கு இருக்கும். 0.42 ஆம்பியர் என்பது 5 வாட் பல்பு ஒன்றின் கணக்குத்தான். ஃபியூஸைத் திரும்பப் போடு. போனில் வீடியோ ஓடவிட்டு பின் பெட்டிக்குள் வைத்து மூடு.

10:20

நான்: [வீடியோ]

நான்: பூட் மூடியபிறகும் விளக்கு எரிகிறது. பாட்டியின் சக்கர நாற்காலியை மடித்து வைக்கும்போது கைப்பிடி விளக்கின் சின்ன சுவிட்சை இடித்து ஆன் பக்கம் தள்ளியிருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக்கில் ரப்பர் தடம் கறுப்பாகத் தெரிகிறது. கண்ணாடியில் டின்ட் இருப்பதால் வெளியே தெரியவே இல்லை.

அம்மா: நாற்காலி வாங்கியது ஜனவரி. முதல் பேட்டரி போனது பிப்ரவரி.

சின்ன மாமா: அடடா

பாட்டி (குரல் பதிவு, அண்ணன் எழுதியது): என்னாலயா இவ்வளவு செலவு? தாத்தா இருந்தால் வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவார்.

அம்மா: உங்களால் இல்லை அம்மா. மடித்து வைத்தது நாங்கள்.

பெரிய மாமா: பாப்பா, சுவிட்சை நடுவில் வைக்காதே, ஆஃபில் வை. நாற்காலியை இனி கைப்பிடி முன்பக்கம் வரும்படி படுக்க வை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோ, தூக்க அண்ணனைக் கூப்பிடு. 2 மணிக்கு உட்லண்ட்ஸிலிருந்து சார்ஜர் கொண்டுவருகிறேன். அது 4 ஆம்பியர், 10 மணி நேரம் போடவேண்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். இத்தனை முறை காலியான பேட்டரி என்பதால் உறுதியாகச் சொல்லமாட்டேன். எடுத்தபின் சில மணி நேரம் சும்மா வைத்து, காலை 4:30-க்கு அளந்து பார். 12.5-க்கு மேல் நின்றால் போகலாம்.

சின்ன மாமா: நிற்காவிட்டால்? என் வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது. நம் அம்மாவை நான் அழைத்துப் போகிறேன்.

அம்மா: அம்மா நம் வண்டியில்தான் வருவார் தம்பி

சின்ன மாமா: அக்கா, ஜொகூர் பாலத்தின் நடுவில் வண்டி நின்றால் என்ன செய்வாய்?

அம்மா: காலையில் பார்த்துச் சொல்கிறேன்

சின்ன மாமா: 5 மணிக்கு முன்னால் சொல்

அண்ணன்: பேட்டரி தூக்க வருகிறேன், 11 மணி

பிடோக் பெரியம்மா: நான் தேக்காவில் கடைக்குள் நிற்கிறேன். பச்சை மட்டுமா, சிவப்பும் எடுக்கவா? யாராவது சொல்லுங்கள்.