எஞ்சினுக்கு அடியில் இருப்பது தொட்டியா, மடுவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கிளிநொச்சியில் சொந்தமாகக் கார் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி, தன் வேலைக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று, எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கி நிற்கும் பாத்திரமான ‘சம்ப்’ என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். இதுவரை வந்த மடல்களில் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: எண்ணெய்த் தொட்டி, எண்ணெய்க் கலம், மசகுத் தேக்கம். மூன்றையும் அவர் செய்யப்போகும் வேலையோடு பொருத்திப் பார்த்தேன். நான் ‘மடு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

அவருடைய கார் உயரம் குறைந்தது. எஞ்சினைக் கீழே இறக்கிப் பூட்டியதால் சம்ப் சட்டகத்துக்கும் கீழே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏ9 வீதியில் ஓடும்வரை பரவாயில்லை. மாங்குளத்திலோ முறிகண்டியிலோ உள்வீதிக்குத் திரும்பி கிரவல் பாதையில் இறங்கினால் ஒரு கல் போதும், சம்ப் கிழிந்துவிடும். அதனால் அடியை வெட்டிக் குறைக்கப் போகிறார். 30க்கு 20 செ.மீ. அடிப்பரப்பில் 5 செ.மீ. உயரத்தை வெட்டினால் 3 லீற்றர் கொள்ளளவு போய்விடும். இரண்டு பக்கமும் 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலத்தில் பெட்டி வைத்து வெல்டிங்கால் ஒட்டினால் அந்த 3 லீற்றர் திரும்பவும் கிடைக்கும்.

‘தொட்டி’ என்று நினைப்பவருக்கு வேலை இத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் எஞ்சினைக் கொல்லும் பிழை இந்த இடத்தில்தான் நடக்கிறது. சம்ப் அகலமாகி ஆழம் குறையக் குறைய ஒயில் ஓடித் திரிய இடம் கூடுகிறது. வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும், பிரேக் பிடித்தால் முன்னுக்குப் பாயும். அந்த நேரத்தில், பம்ப் ஒயிலை இழுக்கும் உறிஞ்சுகுழாயின் வாய் வெளியே தெரிந்தால் பம்ப் காற்றை இழுக்கும். ஒயில் அமுக்கம் விழும். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பெயரிங்கில் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும். சம்பில் 4 லீற்றர் ஒயில் இருக்கும்போதே இது நடக்கலாம். ஆகவே கார் எப்படித் திரும்பினாலும் குழாய் வாயைச் சுற்றி ஒயில் நிற்கும் பள்ளம் ஒன்று வேண்டும்.

அந்தப் பள்ளத்துக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஆறு வற்றினாலும் தண்ணீர் வற்றாமல் நிற்கும் ஆழமான இடத்தை மடு என்கிறோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கவுரை வேண்டாம். சொல்லைக் கேட்டவுடனேயே ‘ஆழம் எங்கே இருக்க வேண்டும்?’ என்ற கேள்வி வந்துவிடும். வெல்டிங் செய்பவர் மனதில் இருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். இதற்கு ஓர் அண்ணையின் கேள்வி:

> மடு என்றால் எல்லாருக்கும் மடு மாதா கோவில்தானே நினைவுக்கு வரும்?

நியாயமான கேள்வி, அண்ணை. தனியே எழுதாமல் ‘எண்ணெய்மடு’ என்று எழுதினால் குழப்பம் வராது. பேச்சில் ஒயில்மடு என்றாலும் சரிதான்.

‘தொட்டி’க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தயக் கார்களில் ஒயிலை எஞ்சினுக்கு அடியில் நிற்க விடாமல் தனிப் பம்ப் ஒன்று உறிஞ்சி, வெளியே வைத்த தொட்டிக்கு அனுப்பும். ஆங்கிலத்தில் ‘டிரை சம்ப்’ எனப்படும் இதற்கு ‘உலர் எண்ணெய்த் தொட்டி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்த முறையில் ஒயில் நிறைந்து நிற்பதே தொட்டிக்குள்தான்! உலர்ந்திருப்பது எஞ்சினின் அடி. நான் ‘புறத்தொட்டி முறை’ என்பேன். வழக்கமானது ‘மடு முறை’. தொட்டி என்ற சொல்லை உண்மையான தொட்டிக்கே விட்டுவைப்போம்.

‘மசகு’ தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இயல்பான சொல்தான். ஆனால் இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் சுத்திகரிக்காத எண்ணெய், நீங்கள் கச்சா எண்ணெய் என்பது. இரண்டு கரையிலும் வேறு வேறு பொருள் தரும் சொல்லை ஒரு வேலைக் குறிப்பில் வைப்பது ஆபத்து.

சொல் குறுகியதாக இருப்பதும் முக்கியம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கார் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை நீர்க்க வைக்கும். ஒயில் மட்டம் குறைய வேண்டிய இடத்தில் கூடினால் அதுதான் அடையாளம். அந்தக் காலத்தில் எஞ்சின்களைக் காப்பாற்றிய மெக்கானிக்குகளின் வாயில் நிற்காத சொல்லை நாம் ஆக்கி என்ன பயன்? ‘சம்ப்’ அளவுக்கே ‘மடு’வும் குறுகியது.

தம்பிக்கு, சொல்லோடு சேர்த்து வேலைக்கும் சில வார்த்தை. உங்களுடையது இரும்புத் தகட்டு மடு என்பதால் வெட்டி ஒட்டலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிவிட்டு வெல்டிங் செய்யாதீர்கள், அதிலிருந்து வரும் புகை உயிரை எடுக்கும். மேல் விளிம்பைப் பழைய எஞ்சின் புளொக் ஒன்றில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் கோணிவிடும். அடியை உயர்த்திய அளவுக்கு உறிஞ்சுகுழாயையும் குறைக்க வேண்டும். வாய்க்கும் அடித்தகட்டுக்கும் இடையே 6 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி விடுவது வழக்கம். குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் வைத்து, குழாய்ப் பக்கமாக உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகள் பொருத்துங்கள். அவற்றுக்கு ‘மடுத்தடுப்பு’, ‘மடுக்கதவு’ என்று எழுதலாம். ஒட்டி முடிந்ததும் வெளிப்பக்கம் சுண்ணக்கட்டி பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். கசிவு இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு தெரியும்.

இன்னும் ஒரு பொருளுக்குச் சொல் அமையவில்லை. கிராங்குக்கும் ஒயிலுக்கும் நடுவே வரும் மெல்லிய தகடு. சுழலும் கிராங்க் ஒயிலை அடித்து நுரையாக்காமல் காப்பதும், கிராங்கிலிருந்து தெறிக்கும் ஒயிலை மடுவுக்குத் திருப்பி வடியவிடுவதும் அதன் வேலை. ‘நுரைத்தகடு’ என்று ஒருவர் எழுதினார், அது நுரை உண்டாக்கும் தகடு போல ஒலிக்கிறது. இரண்டு வேலையையும் சொல்லும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். தம்பி அந்தப் பகுதியை வெற்றிடமாக விட்டு வைத்திருக்கிறார்.