பெர்கஷன் லாக்: தமிழில் என்ன சொல்லலாம்? (வியாழன் இரவுக்குள் வேண்டும்)

மரப்பாச்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமை ஒரு பழைய துப்பாக்கிச் சேகரிப்பைப் பார்க்க அழைத்துப் போகிறோம். எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் நீண்ட குழல் ரைஃபிள்கள். தமிழில் குறிப்புத்தாள் எழுதும் பொறுப்பு என்னுடையது. முதல் வரியில் வரும் ‘பெர்கஷன் லாக்’கிலேயே நிற்கிறேன். துப்பாக்கியின் பக்கத்தில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் இயந்திரம் அது. கணினியைக் கேட்டால் ‘தாளவாத்தியப் பூட்டு’ என்கிறது.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முந்தைய வகையில் குதிரை, அதாவது விசையை இழுத்தால் பாய்ந்து அடிக்கும் சுத்தி, சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும். அது எஃகுத் தகட்டில் உரச, தீப்பொறி கிண்ணியில் இருக்கும் வெடிமருந்தில் விழும், தீ பக்கத்துளை வழியாகக் குழலுக்குள் போகும். மழையில் மருந்து நமத்துவிடும். கிண்ணியில் தெரியும் மினுக்கைக் கண்டே பறவைகள் பறந்துவிடும். வேட்டைப் பிரியரான ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் இதற்கு மாற்றுத் தேடி 1807இல் காப்புரிமை வாங்கினார். அடித்தால் வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைப் பயன்படுத்தியது அவர் வழி. அதிலிருந்து சின்னச் செப்புத் தொப்பி வந்தது. இங்கிலாந்தில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷா 1822இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இந்த வகையில் கிண்ணி கிடையாது. காம்பு போன்ற சிறு குழாயின் தலையில் தொப்பியை மாட்டுவார்கள். குதிரை அதை அடிக்கும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சொல் தாருங்கள். படிப்பவர்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்.

வையைக்கரை எழுதியது:

அம்மா, முதலில் ‘பூட்டு’ என்பதை விட்டுவிடுங்கள். அது ஆங்கிலத்தின் நிழல். தமிழில் பூட்டு என்றால் கதவுதான் நினைவுக்கு வரும். ‘பொறி’ இருக்கிறதே! ‘வளைவிற் பொறியும் கருவிர லூகமும் கல்லுமிழ் கவணும்’ என்று மதுரை மதிலின் படைக்கருவிகளைச் சிலம்பு அடுக்கவில்லையா? தானே இயங்கும் கருவி பொறி, தீயின் துகளும் பொறி. இரண்டும் ஒரே சொல்லில் கூடுவது வேறெங்கே கிடைக்கும்? அடிப்பது தாக்கு. ஆகவே தாக்குப்பொறி. கல் வைத்தது கற்பொறி.

‘துப்பாக்கி’யையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். துப்பு என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி. குறள் 12இலேயே சொல் கிடக்கிறது.

பட்டறை எழுதியது:

ஐயா மன்னிக்கணும். ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை’யில் வருவது துப்பு ஆக்கி, அதாவது உண்பவர்க்கு உணவை உண்டாக்கி. அது வினையெச்சம். மழையைப் பற்றிய குறள் அது, வெடியைப் பற்றியது இல்லீங்க. நம்ம துப்பாக்கி துருக்கி மொழியில் இருந்து வந்ததுன்னு அகராதியே சொல்லுது. வந்து நானூறு ஐந்நூறு வருசம் ஓடியிருக்கும், நம்ம சொல்லாகவே ஆயிடுச்சு, இருந்துட்டுப் போகட்டும்.

பொறி எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு சிக்கல். இந்தப் புது வகையின் சிறப்பே தீப்பொறி பறக்காததுதான். பறக்காத ஒன்றுக்குப் பொறின்னு பேர் வெச்சா, பிள்ளை எதைத் தேடும்?

இன்னொண்ணு, இது முக்கியம். சொல் துப்பாக்கிக்கு வேண்டாம், பக்கத்துல இருக்கிற அந்த இயந்திரத்துக்கு மட்டும் வேணும். 1810 வாக்கில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் கல் வகையாகச் செஞ்ச துப்பாக்கியைப் பிற்பாடு தொப்பி வகைக்கு மாத்திக்கிட்டவங்க ஏராளம். கிண்ணியை எடுத்துட்டு, குழலின் பக்கத்துளையில் சின்ன உருளையைத் திருகி, அதுல காம்பை வெச்சுடுவாங்க. நூறு வருசம் கழிச்சு, கல் வகைன்னா விலை கூடும்னு அதையே திருப்பி மாத்தினவங்களும் உண்டு. அதனால சேகரிக்கிறவங்க முதல்ல பார்க்கிறது அந்தத் துளையைச் சுத்தின இரும்பைத்தான்.

இயந்திரத்தைத் தாங்குற பக்கத் தகட்டுல பொறிச்சிருக்கிற பேரையும் நம்பக் கூடாது. பிலடெல்பியாவின் கோல்ச்சர் பேர் போட்ட தகடுகள் ஊர் ஊராப் போச்சு. ஓஹையோவில ஒரு கொல்லர் அதை விலைக்கு வாங்கித் தன் துப்பாக்கியில பொருத்துவார். செஞ்சவர் பேரை எண்பட்டைக் குழலின் மேல்முகத்துல தேடணும். தகடு ஒருத்தருது, குழல் ஒருத்தருது, குழலைத் தாங்குற மரக்கட்டையைச் செதுக்கினது இன்னொருத்தர்னு பல துப்பாக்கி இருக்கு. இயந்திரத்துக்குத் தனிப்பேர் இல்லாம இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லுவீங்க?

வன்னிமேடு எழுதியது:

எங்கட பக்கம் துவக்கு எண்டுதான் சொல்லுறது. வாய்ப்பக்கத்தால மருந்து போட்டுக் கம்பியால இடிக்கிறதுக்கு இடியன் துவக்கு எண்டு பேர். பண்டி (பன்றி) வயலுக்குள்ள இறங்கினா அப்பு இடியனைத்தான் தூக்குவார். அக்கா காட்டப்போற அந்த நீட்டுத் துவக்கு எல்லாம் இடியன்தான். கல்லோ தொப்பியோ, மருந்து வாயாலதான் போகுது. ‘வாய்வழி மருந்தேற்றி’ எண்டு ஒருத்தரும் புதுசாய்ச் செய்ய வேண்டாம். சனத்தின்ர வாயில சொல் இருக்கு.

மரப்பாச்சி எழுதியது:

இடியன்! அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த இழை போதும். தாளில் எழுதிவிட்டேன்.

தொப்பிக்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது. தீபாவளிக்குத் தகரத் துப்பாக்கியில் வைத்து வெடிப்போமே பொட்டு வெடி, அதுவும் இதே தத்துவம்தான். அடித்தால் வெடிக்கும், அடியில் திரி இல்லை. என் மாணவர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போனபோது வெடித்திருக்கிறார்கள். செப்புத் தொப்பியைப் ‘பொட்டு’ என்றும், இயந்திரத்தைப் ‘பொட்டுப்பூட்டு’ என்றும் சொன்னால்?

வையைக்கரை எழுதியது:

நெற்றியில் வைப்பதைத் துப்பாக்கியில் வைப்பதா? கலைச்சொல்லுக்கு ஒரு கண்ணியம் வேண்டும். விளையாட்டுச் சாமானின் பெயரைக் கருவிக்கு ஏற்றினால் நாளை எந்த அறிஞர் எடுத்தாள்வார்? பொட்டென்று ஒலிப்பதால் பொட்டு என்று நீங்கள் வேர் காட்டலாம். ஒலிக்குறிப்பு வேர்கள் தமிழில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே பெயர்க்காரணம் ஒலி அன்று, அடி. நான் தாக்குப்பொறியிலேயே நிற்கிறேன்.

ரைஃபிள் என்பதையும் அப்படியே விட்டுவிட்டீர்களே! குழலுக்குள் முறுக்கி ஓடும் தடம் ‘புரி’. வலமாகச் சுற்றினால் வலம்புரி, இடமாகச் சுற்றினால் இடம்புரி. சங்கிலிருந்து நேரே எடுக்கலாம். புரிதுப்பாக்கி என்று எழுதுங்கள்.

பட்டறை எழுதியது:

வலம்புரியைப் படிச்சதும் எனக்குச் சிலிர்த்துப்போச்சு ஐயா. ஹாக்கன் சகோதரர்கள் செஞ்ச ரைஃபிள் குழல்ல 48 அங்குலத்துக்கு ஒரு சுத்துங்கறது வழக்கமான அளவு. ‘48 அங்குல வலம்புரி’ன்னு எழுதிப் பார்த்தேன், அழகா இருக்கு. ஆனா முறுக்கே இல்லாம நேராகத் தடம் வெட்டின பழைய குழல்களும் உண்டு. அதுக்குப் புரின்னு சொல்ல முடியாது. பட்டறையில நாங்க ‘காடி’ன்னு சொல்வோம். காடி பொதுப்பேர், முறுக்கினா புரிக்காடி. ரைஃபிளோட ஜெர்மன் வேருக்கும் காடி வெட்டுறதுதான் பொருள்.

மரப்பாச்சி எழுதியது:

பிள்ளைகளுக்கு ரைஃபிள் தெரியும். அது அப்படியே இருக்கட்டும், உள்ளே இருப்பதற்கு மட்டும் புரிக்காடி போடுகிறேன். நேரம் போகிறது. இன்னும் இரண்டு சந்தேகம்.

ஒன்று, ‘லங்காஸ்டர் ஸ்கூல்’, அதாவது அந்த ஊர்க் கொல்லர்களின் செய்முறை. பள்ளி என்று எழுதினால் அங்கே போய்ப் படித்ததாகிவிடும். பந்தநல்லூர் பாணி என்று நாட்டியத்தில் சொல்கிறோமே, அதுபோல லங்காஸ்டர் பாணி, பெட்ஃபோர்டு பாணி என்கிறேன். பெட்ஃபோர்டுக் கட்டை ஒல்லியாக இருக்கும், பார்த்ததும் தெரியும். கிழக்கு டென்னசியில் பீன் என்ற கொல்லர் குடும்பம் செய்தவற்றில் பித்தளை குறைவு, இரும்பே அதிகம். செயின்ட் லூயியில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மலைக்குப் போகிறவர்களுக்காகக் கனமான குழலும், குழலின் பாதி வரை மட்டும் போகும் பாதிக்கட்டையுமாகச் செய்தார்கள். 1849 காலராவில் ஜேக்கப் போய்விட்டார். தம்பி 1884 வரை இருந்தார். ‘கென்டக்கி ரைஃபிள்’ என்று ஊரெல்லாம் சொல்வதில் பெரும்பாலானவை எங்கள் பென்சில்வேனியாவில் ஜெர்மன் குடியேறிகளின் வழிவந்தவர்கள் செய்தவை. அதைத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, கட்டையின் வலப்பக்கத்தில் மூடி போட்ட சிறு குழி. ஈயக்குண்டைச் சுற்றும் எண்ணெய்த்துணி அதற்குள் இருக்கும். லங்காஸ்டர் கொல்லர்கள் அந்தப் பித்தளை மூடியின் தலையில் பூ வெட்டியிருக்கிறார்கள். போன வாரம் ஒன்றைத் திறந்து பார்க்கவிட்டார்கள். சுருள் சுருளாய் வரியோடிய மேப்பிள் கட்டை. விரல் பட்ட இடத்தில் மட்டும் பித்தளை வெளுத்திருந்தது. இதற்கு என்ன பெயர்?

வையைக்கரை எழுதியது:

செப்பு. துணிச்செப்பு. பூ வைத்த செப்பு குறுந்தொகையில் உண்டு. மூடியுள்ள சிறு கலம் எதுவானாலும் செப்புதான்.

வன்னிமேடு எழுதியது:

துணிச்செப்பு நல்ல வடிவாய் இருக்கு. டென்னசித் துவக்கில மூடி இல்லாமல் வெறும் கொழுப்புக்குழிதான் இருக்கும் எண்டு வாசிச்சன். அதுக்கு குழி எண்டே விடுவம்.

பூட்டுக்கு என்ர வாக்கு பொட்டுக்குத்தான்.

பட்டறை எழுதியது:

எனக்கும் பொட்டுப்பூட்டு. பூட்டு சரியில்லைதான், ஆனா ‘பொட்டுப்பொறி’ன்னா பறக்காத தீப்பொறி மறுபடியும் வந்து நிக்கும். பழைய வகைக்குக் கற்பூட்டு.

மரப்பாச்சி எழுதியது:

மூன்றுக்கு ஒன்று. தாள் அச்சுக்குப் போய்விட்டது: இடியன், பொட்டுப்பூட்டு, கற்பூட்டு, புரிக்காடி, துணிச்செப்பு. ஐயாவின் தாக்குப்பொறியைப் பொட்டுப்பூட்டுக்குப் பக்கத்தில் ‘என்றும் சொல்வர்’ என்று சேர்த்திருக்கிறேன்.

வையைக்கரை எழுதியது:

சேர்த்ததற்கு நன்றி. ஆனால் ‘என்றும் சொல்வர்’ அன்று, அதுவே சொல். என் அகராதிக் குறிப்பில் தாக்குப்பொறி என்றே பதிந்துகொள்கிறேன். தொப்பியை மாட்டும் அந்தச் சிறு குழாய்க்கு இன்னும் ஒருவரும் பெயர் தரவில்லை. காம்பா, முளையா?