மராத்தி நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கர் சினிமாவுக்குப் போனதும் நாடகத்தை விட்டுட்டாராம்!

கொட்டகைக்காரன்: ரீல்பெட்டி அண்ணன் நேத்து போற போக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போனார், "டெண்டுல்கர் டைரக்டர் ஷ்யாம் பெனகல் படத்துக்கு எழுத ஆரம்பிச்சதும் நாடகத்துக்கு மூட்டை கட்டிட்டார்"னு. படிச்சதுலேர்ந்து வயிறெரியுது. அவர் எழுதின மந்தன் படம் 1976. கமலா நாடகம் 1981. கன்யாதான் 1983. அவர் திரைக்கதை எழுதின அர்த் சத்யா படம் வந்ததும் அதே 1983. இதுல எங்கய்யா மூட்டை?

ரீல்பெட்டி: வருஷம் ஒப்பிக்கிறதுல உங்களை மிஞ்ச ஆளில்ல. சகாராம் பைண்டர், காசிராம் கோத்வால் நாடகம் ரெண்டும் 1972. அந்த உயரத்துக்கு அப்புறம் ஒண்ணு காட்டுங்க. தேசிய விருது மந்தன் திரைக்கதைக்கு, பேர் ஊரெல்லாம் பரவினது அர்த் சத்யாவுல.

கொட்டகைக்காரன்: அர்த் சத்யா கதை யாரோடது?

ரீல்பெட்டி: அதுவா இப்ப பேச்சு?

கொட்டகைக்காரன்: அதான் பேச்சு. கதை பன்வல்கரோடது, 'சூர்யா'ங்கற மராத்தி சிறுகதை, ஃபிலிம்ஃபேர்காரனே கதை விருதை பன்வல்கருக்கும் திரைக்கதை விருதை டெண்டுல்கருக்கும் தனித்தனியா கொடுத்தான், வசனம் வசந்த் தேவ், ஓம் புரி படிக்கிற கவிதை திலீப் சித்ரே எழுதினது, ஆக சினிமாவுல அவர் நாலு பேர்ல ஒருத்தர், மேடையில ஒத்தை ஆள், இது புரியாம பேர் வாங்கினது சினிமாவுலன்னா எப்படி?

மதுரக்காரி: கொட்டகை, நீங்களே அவரைக் குறைச்சுட்டீங்களே 😂 திரைக்கதைன்னா சும்மாவா? அவர் எழுதின ஆக்ரோஷ் படத்துல ஓம் புரி படம் பூரா வாயே திறக்க மாட்டான், கடைசில அப்பா சிதைகிட்ட கோடாலி எடுத்து சொந்தத் தங்கச்சியை வெட்டுவான். அதுல கதை, திரைக்கதை ரெண்டு ஃபிலிம்ஃபேரும் டெண்டுல்கருக்குத்தான்.

கொட்டகைக்காரன்: ஆக்ரோஷ் பத்தி நான் பேசவே இல்லியே. அர்த் சத்யா கதை யாரோடது?

ரீல்பெட்டி: இந்திரா பார்த்தசாரதி (இ.பா.) விவாதத்துலயும் இதே மாதிரி ஒரே கேள்வியைப் பிடிச்சுத் தொங்கினீங்க, ஞாபகம் இருக்கா?

கொட்டகைக்காரன்: நல்லா இருக்கு. அதுல பாதியில காணாமப் போனது நீங்கதான். இ.பா.ன்னதும் சொல்றேன், கன்யாதானுக்கு 1993ல சரஸ்வதி சம்மான் இலக்கிய விருது, 1999ல அதே விருது இ.பா.வோட ராமானுஜர் நாடகத்துக்கு. நாடகத்துக்கு, சார். மூட்டை கட்டின ஆளுக்கு எப்படிக் கொடுத்தான்?

வெட்டிப்பேச்சு: கன்யாதானுக்கு செருப்பும் விழுந்துச்சு, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. தலித் பையனைக் காட்டின விதம் அப்படி.

கொட்டகைக்காரன்: செருப்பு விழுந்ததை அந்த விருது மேடையிலயே அவர் சொன்னார். காசிராமுக்கு விழாததா? புனே பிராமணர்களையும் பேஷ்வா மந்திரி நானா ஃபட்னவிஸையும் கேவலப்படுத்திட்டான்னு கூச்சல், 19 காட்சியோட குழுவே நாடகத்தை நிறுத்துச்சு, டைரக்டர் ஜப்பார் பட்டேல் கோஷ்டி வெளிய வந்து தியேட்டர் அகாடமி ஆரம்பிச்சு அதையே திரும்பப் போட்டாங்க, 1980ல ஐரோப்பா வரைக்கும் போச்சு.

வெட்டிப்பேச்சு: கேட்டது தலித் விஷயம், பதில் பிராமணர் விஷயம். சூப்பர்.

மதுரக்காரி: கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் டெண்டுல்கரைவிடப் பெரிய ஆளு, நிஷாந்த், மந்தன் ரெண்டு படத்துலயும் நடிக்கவும் செஞ்சார். 🏃‍♀️

ரீல்பெட்டி: அப்பாடா, புது சண்டை. கர்னாட் நடிச்சதால நாடகம் குறைஞ்சுதான்னு கொட்டகை இப்ப ஆரம்பிப்பார் பாருங்க.

கொட்டகைக்காரன்: கர்னாடுக்குத் தனியா வரேன். முதல்ல அர்த் சத்யா கதை யாரோடதுன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க.

ரீல்பெட்டி: சொல்லமாட்டேன். என்ன பண்ணுவீங்க?