லண்டனில் இரண்டு மாதம்: பிற நாட்டு உணவகங்களில் எதை எதனோடு சாப்பிடுவது?

வேளிமலை (தக்கலை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வருகிற மே மாதம் லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குச் சென்று இரண்டு மாதம் தங்கப் போகிறோம். வாரத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நாட்டு உணவகம் என்று மகன் இப்போதே பட்டியல் போட்டு அனுப்பிவிட்டான். ஜப்பான், இத்தாலி, கொரியா, எத்தியோப்பியா, நைஜீரியா, மெக்சிகோ ஆகியவை அதில் இருக்கின்றன. எனக்கு இதில் மிகுந்த ஆர்வம் உண்டு. ஆனால் சென்ற ஆண்டு நடந்த ஒன்றை நினைத்தால் தயக்கமாகவும் இருக்கிறது.

கொச்சிக்குச் சென்றிருந்தபோது அங்குள்ள ஒரு ஜப்பானிய உணவகத்துக்குப் போனோம். சிறு கிண்ணத்தில் வெறும் சோறு, மூடி போட்ட கிண்ணத்தில் ஒரு சூப், ஒரு துண்டு சுட்ட மீன், ஊறுகாய், தனியாக ஒரு குப்பியில் சோயா சாஸ் ஆகியவை வந்தன. குழம்பு எங்கே என்று தேடிவிட்டு, அந்தச் சாஸ்தான் குழம்பு போலும் என்று எண்ணிச் சோற்றின்மேல் ஊற்றிப் பிசைந்தோம். உப்புத் தாங்க முடியவில்லை. பரிமாறியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர, இப்படிச் சாப்பிட வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய தொகையைக் கொடுத்துவிட்டுப் பசியோடு வெளியே வந்தோம். அந்த உணவில் ஏதோ ஒரு நேர்த்தி இருந்தது, அதை நாங்கள் தவறவிட்டுவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். அந்தந்த நாட்டு உணவை அவர்கள் சாப்பிடும் முறையிலேயே சாப்பிட்டுச் சுவைக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? உண்மையான பாரம்பரிய உணவைத் தரும் இடத்தை எப்படி அடையாளம் காண்பது? என் மனைவி செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மீனோ இறைச்சியோ தொடமாட்டாள். மாட்டிறைச்சி எப்போதுமே உண்பதில்லை. அவளுக்கும் மனம் நிறையும்படி இருக்க வேண்டும்.

தேங்காப்பட்டணம் கரை எழுதியது:

ஐயா, முதலில் கப்பலிலும் பிறகு ஐரோப்பாவில் உணவகச் சமையற்கட்டுகளிலுமாக 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வியின் தலைப்பிலேயே விடை பாதி இருக்கிறது. எதை எதனோடு என்பதுதான் முழு விஷயமும். நம் ஊருக்கு ஒருவர் வந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) மட்டும் தனியாகத் தின்றுவிட்டு, சாளைக் (மத்தி மீன்) கறியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் சூப்பைப் போலக் குடித்துவிட்டுப் போனால், கிழங்கு சப்பென்று இருந்தது, கறி எரித்தது என்றுதான் சொல்வார். தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்து மசித்த கிழங்கில் குழி பறித்து, கொடம்புளி போட்ட கறியை அதில் ஊற்றி, இரண்டும் சேரும் ஓரத்திலிருந்து எடுத்து வாயில் வைக்கும்போதுதான் அது ஒரு சாப்பாடு ஆகிறது. எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே எது கிழங்கு, எது கறி என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜப்பானியச் சாப்பாட்டில் சோற்றைப் பிசையும் வழக்கமே இல்லை. சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் தூக்கிக்கொண்டு, மீனில் ஒரு விள்ளல், பிறகு ஒரு வாய் வெறும் சோறு, பிறகு சூப்பில் ஒரு மிடறு என்று மாறி மாறிச் சாப்பிடுவார்கள். பிசைதல் இலையில் நடப்பதில்லை, வாயில் நடக்கிறது. சூப்பையும் கிண்ணத்தோடு தூக்கி வாயில் வைத்துக் குடிக்கலாம்; அது மரியாதைக் குறைவு அன்று. சோற்று உருண்டைமேல் மீன் வைத்த சுஷி வந்தால் மீன் பக்கத்தைத் திருப்பிச் சோயா சாஸில் லேசாகத் தொட வேண்டும். சோற்றுப் பக்கத்தை முக்கினால் அது சாஸை உறிஞ்சி உதிர்ந்துவிடும். அந்தச் சோற்றில் ஏற்கெனவே வினிகரும் உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருக்கின்றன. கையால் எடுத்துச் சாப்பிடுவதும் முறைதான்.

அந்தச் சூப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அதன் அடிப்படைச் சாறுக்கு 'தாஷி' என்று பெயர். கொம்பு என்னும் கடற்பாசியையும் கட்சுவோபுஷி என்னும் உலர்மீனையும் வெந்நீரில் இட்டு வடிப்பதுதான் அது. கட்சுவோபுஷி வேறொன்றும் இல்லை, நம் கடற்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சூரை. மினிக்காயிலும் மாலத்தீவிலும் சூரையை அவித்து, புகையிட்டு, காயவைத்து மாசி ஆக்குவதைப் போலவே ஜப்பானியர்களும் செய்கிறார்கள். உயர்ந்த வகைக்கு மேலும் பூஞ்சணம் பிடிக்கவைத்து மறுபடி மறுபடி உலர்த்துகிறார்கள். கட்டையைப் போல இறுகிப்போன அந்த மீனைத் தச்சர் இழைப்புளி போன்ற ஒரு பெட்டியில் சீவினால் ரோஜா நிறத்தில் மெல்லிய சுருள்கள் விழும். அவற்றை வெந்நீரில் போட்டவுடன் எழும் மணத்தை முதன்முதலில் முகர்ந்தபோது, எங்கள் வீட்டு அடுக்களையில் மாசிச் சம்மந்தி அரைத்த நாட்கள் நினைவுக்கு வந்து நான் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன். 1908இல் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் உமாமி என்னும் சுவைக்குக் காரணமான பொருளைக் கொம்புப் பாசியிலிருந்துதான் பிரித்தெடுத்தார். ஆகவே அடுத்த முறை மூடியைத் திறந்ததும் அவசரப்படாமல் முதலில் அந்தச் சாற்றை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். ஆனால் இதே காரணத்தால் ஜப்பானியக் கடைக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள். காய்கறி உணவு என்று தருவதிலும் தாஷி இருக்கக்கூடும்.

கொரியாவில் முறை நேர்மாறானது. கிண்ணம் மேசையிலேயே இருக்கும். சோற்றைக் கரண்டியால் எடுக்க வேண்டும். கேட்காமலேயே வரும் சிறு சிறு கூட்டுகளுக்கு 'பன்சன்' என்று பெயர். வழக்கமாகத் தனி விலை இல்லை, தீர்ந்தால் மீண்டும் கேட்கலாம். லண்டனில் நியூ மால்டன் பகுதிக்குப் போனால் கொரியக் குடும்பங்கள் சாப்பிடும் கடைகள் கிடைக்கும். கிம்ச்சியில் பெரும்பாலும் இறால் ஊறலோ மீன் சாறோ சேரும் என்பதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இத்தாலியில் பாஸ்தா முதலில் தனியாக வரும், மீனும் இறைச்சியும் அதற்குப் பிறகு. கடலுணவுப் பாஸ்தாவின்மேல் பாலாடைக்கட்டி கேட்காதீர்கள். நேப்பிள்ஸ் பீட்சா கடும் சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வருவதால் நடுப்பகுதி ஈரமாகவும் குழைவாகவும் இருக்கும். அதை வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

குழித்துறை ஆற்றங்கரை எழுதியது:

ஐயா, வணக்கம். நான் மார்த்தாண்டத்துக்காரி, லண்டனில் செவிலியராக இருக்கிறேன். அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் மிகப் பொருத்தமான விடை இருக்கிறது. எத்தியோப்பியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் சேர்க்காமல் நோன்பு உணவு உண்பவர்கள். நீண்ட நோன்புக் காலங்களும் அவர்களுக்கு உண்டு. எனவே அவர்களுடைய சைவச் சமையல் யாருக்காகவோ ஒப்புக்குச் செய்வதாக இல்லாமல் நன்றாக வளர்ந்த சமையலாக இருக்கிறது. அங்கே போய் நோன்புத் தட்டு என்று கேளுங்கள். 'யெட்சோம் பெயாய்நெத்து' என்பது அவர்கள் சொல்லும் பெயர்.

பெரிய வட்டத் தட்டு நிறைய இஞ்செரா விரித்து வரும். டெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைச் சில நாட்கள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது அது. மேற்பரப்பு முழுவதும் நம் ஆப்பத்தின் நடுப்பகுதி போலக் கண் கண்ணாகத் துளைவிட்டிருக்கும். புளிப்பு நம் தோசையைவிடக் கூடுதல். அதன்மேல் செம்பருப்புக் குழம்பு, கடலைமாவில் கிண்டிய ஷிரோ, கீரை, முட்டைக்கோசு என்று தனித்தனிக் குவியலாக வைத்திருப்பார்கள். ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து, வலக்கையால் இஞ்செராவைக் கிள்ளி, அதைக் கொண்டே குழம்பை வளைத்துப் பிடித்து எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் பகுதியைக் கடைசிவரை விட்டுவையுங்கள். எல்லாக் குழம்பும் ஊறிய அந்த அடிப்பகுதிக்காகவே நான் போவதுண்டு. அன்பைக் காட்ட ஒருவர் இன்னொருவருக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள்; அதற்கு 'குர்ஷா' என்று பெயர். நேரம் இருந்தால் காப்பியும் கேளுங்கள். பச்சைக் கொட்டையை வறுத்து, மண்குடுவையில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றித் தருவது அவர்களுடைய மரபு.

நைஜீரியச் சாப்பாட்டுக்கு பெக்கம் பகுதி. அதற்கு வெள்ளிக்கிழமை வேண்டாம், ஏனென்றால் அவர்களுடைய சூப்புகளில் பெரும்பாலும் இறைச்சியும் உலர்மீனும் பொடித்த இறாலும் சேர்ந்தே வரும். மாட்டிறைச்சி சேர்ந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது நம் மரச்சீனிதான். கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்து எடுக்கும் ரவைக்கு 'கரி' என்று பெயர். அதை வெந்நீரில் கிளறினால் 'எபா'. நம் வீட்டில் கிழங்கை அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுவது எதற்காகவோ, அதே நச்சுத்தன்மையைப் போக்கத்தான் அவர்கள் புளிக்கவைத்துப் பிழிகிறார்கள். எபாவில் நெல்லிக்காய் அளவு உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, எகுசி என்னும் வித்தை அரைத்துக் காய்ச்சிய கெட்டிச் சூப்பை அதில் அள்ளி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மெல்லத் தொடங்கினால் வாயில் ஒட்டிக்கொண்டு சுவையே தெரியாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என்னோடு இரவுப்பணி பார்த்த நைஜீரியத் தோழி. நான் கையால் உருட்டுவதைப் பார்த்து அவர் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

பூதப்பாண்டி எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஐயா கேட்ட 'உண்மையான பாரம்பரிய உணவு' என்ற சொல்லில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. வயதை வைத்து உணவின் உண்மையை அளக்கப் போனால் நம் கிழங்கும் மீன்கறியுமே தேறாது. மரச்சீனியின் தாயகம் தென் அமெரிக்கா. நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கமளித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது அதுவே ஏழைகளின் வயிற்றைக் காத்தது. மிளகாயும் கொல்லாமாவும் (முந்திரி) அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. ஜப்பானின் தெம்புரா, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் முறையில் பிறந்தது. அங்கே பச்சைச் சால்மன் வைத்த சுஷி பரவியதே 1980களில் நார்வே மேற்கொண்ட விற்பனை முயற்சிக்குப் பிறகுதான்.

பொருள் எங்கிருந்தும் வரலாம். அதோடு சேர வேண்டிய முறையும் வந்ததா என்று பார்ப்பதே சரி என்பது என் கருத்து. மெக்சிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பிறகே அரைத்து ரொட்டி தட்டுகிறார்கள். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சுண்ணாம்பு சேராத சோளத்திலிருந்து நியாசின் என்னும் சத்து உடலுக்குக் கிடைக்காமல், சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகள் பெல்லாக்ரா நோயில் மாண்டார்கள். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவத் தெரிந்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். லண்டனில் மெக்சிகோ உணவகத்துக்குப் போகும்போது, ரொட்டியை அங்கேயே சுண்ணாம்பில் வேகவைத்த சோளத்தில் தட்டுகிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்தக் கடையை நம்பலாம். காரமும் சாஸும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பயறு மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டுவிடுங்கள்.

கடையை அடையாளம் காண நான் பார்ப்பவை சில. நாட்டின் பெயரோடு ஊரின் பெயரையும் சொல்லும் கடை, நீளமில்லாத உணவுப்பட்டியல், ஞாயிறு மதியம் அந்த நாட்டுப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு வந்து அமரும் மேசைகள். பரிமாறுபவரிடம் 'இதை உங்கள் வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள்?' என்று கேட்கத் தயங்க வேண்டாம். கொச்சியில் உங்களுக்கு நேர்ந்தது உங்கள் குற்றமன்று. நம் கல்யாண ஊட்டில் பருப்பும் நெய்யும் முதலில், பிறகு சாம்பார், பிறகு புளிசேரி என்ற வரிசையை வெளியூர்க்காரருக்கு நாம் பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தருகிறோம் அல்லவா? அந்தக் கடைக்காரர் அதைத்தான் செய்யத் தவறினார்.

வேளிமலை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எழுதியவற்றை அச்செடுத்து மகனுக்கும் படித்துக் காட்டினேன். முதல் வெள்ளிக்கிழமையே எத்தியோப்பிய நோன்புத் தட்டு என்று பட்டியலை மாற்றிவிட்டோம். நைஜீரியா இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி ஒன்றைக் கேட்கச் சொல்கிறாள்: அந்த எபாவை மகன் வீட்டில் நாமே கிளறி, நம் மீன்கறியோடு சாப்பிட முடியுமா?

குழித்துறை ஆற்றங்கரை எழுதியது:

தாராளமாக முடியும், அம்மா. கரி ரவை பெக்கம் கடைகளில் வெள்ளை, மஞ்சள் என்று இரண்டு வகையாகப் பையில் கிடைக்கும். மஞ்சள் வகையில் செம்பனை எண்ணெய் சேர்ந்திருக்கும், முதல் முறைக்கு வெள்ளை வாங்குங்கள். கொதித்த நீரை இறக்கி, ரவையைத் தூவி, இரண்டு நிமிடம் மூடிவைத்துவிட்டு மரக்கரண்டியால் அழுத்திக் கிளறினால் போதும். சாளை கிடைக்காத நாளில் அயிலை வகை மீன் எப்படியும் கிடைத்துவிடும். கொடம்புளி மட்டும் ஊரிலிருந்து எடுத்து வாருங்கள்.