ஆஃபர் 7,25,000, அப்ரைசல் 6,95,000. லெண்டரை மாத்தலாமா?

எடிசன்_புதுசு:
வணக்கம். நியூ ஜெர்சி எடிசன்ல ஒரு டவுன்ஹவுஸ். கேட்ட விலை 6,89,000 டாலர். ஓபன் ஹவுஸ் அன்னிக்கு வாசல்ல செருப்பு கழட்ட இடமில்ல, அவ்வளவு கூட்டம். பதினோரு ஆஃபர் வந்துச்சாம். நாங்க 7,25,000 போட்டு, அப்ரைசல், அதாவது லோன் தர்ற லெண்டருக்காக ஒரு ஆள் வந்து போடுற வீட்டு மதிப்பு, குறைஞ்சா 15,000 வரைக்கும் கையிலேருந்து தர்றோம்னு எழுதிக் கொடுத்து ஜெயிச்சோம். அட்டர்னி ரிவ்யூ (வக்கீல் கான்ட்ராக்ட்டைப் பாக்குறது) முடிஞ்சாச்சு. நேத்து அப்ரைசல் வந்துச்சு, 6,95,000. 20% டவுன் பேமென்ட் போக கையில பெருசா ஒண்ணும் இல்ல. வேற லெண்டர்கிட்ட போனா மதிப்பு கூட வருமா?

கிரீன்கார்டு_க்யூ:
தாராளமா மாத்துங்க. ஆன்லைன்ல கால் பர்சன்ட் வட்டி கம்மியாவே கிடைக்குது.

பார்சிப்பனி_சித்தப்பா:
மாத்தாதீங்க தம்பி. அப்ரைசரை லோன் ஆபீசர் பொறுக்கி எடுக்க முடியாது, சட்டம் விடாது. புது லெண்டர் அனுப்புற ஆள் 6,85,000னு எழுதிட்டா? கன்வென்ஷனல் லோன்னா (அரசு உத்தரவாதம் இல்லாத சாதா லோன்) பழைய ரிப்போர்ட்டைப் பெரும்பாலும் புது லெண்டர் எடுத்துக்க மாட்டாங்க. மறுபடி ஃபீஸ், மறுபடி ரெண்டு மூணு வாரம். கான்ட்ராக்ட்ல மார்ட்கேஜ் கமிட்மென்ட்டுக்கு, அதாவது லோன் உறுதின்னு லெண்டர் எழுதிக் கொடுக்க, ஒரு தேதி இருக்கும், அது உங்களுக்காக நிக்காது.

லெண்டரைப் பத்தி யோசிக்க வேண்டியது ஆஃபர் போடுறதுக்கு முன்னாடி. நான் 2021ல ஒரு ஆன்லைன் கம்பெனி ப்ரீ-அப்ரூவலோட (இவ்வளவு லோன் தருவோம்ங்கிற முன்கடிதம்) போனேன். சனிக்கிழமை சாயங்காலம் லிஸ்டிங் ஏஜென்ட் (விக்கிறவரோட ஏஜென்ட்) அதுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணா "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்"னு மெஷின் பேசியிருக்கு. வீடு போச்சு. எங்களைவிட 4,000 கம்மியா போட்டவருக்குக் கொடுத்தாங்க. அடுத்த வீட்டுக்கு உள்ளூர் கிரெடிட் யூனியன். அங்க இருந்த லோன் ஆபீசரே லிஸ்டிங் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு "இவங்க பேப்பர் எல்லாம் பார்த்துட்டேன்"னு சொன்னார். வட்டி ஒரு பொட்டு ஜாஸ்திதான். வீடு கிடைச்சுது.

இப்ப உங்க கணக்கு. 30,000 முழுசும் கையிலேருந்து போகும்னு பயப்படுறீங்க, அப்படி இல்ல. விலை, அப்ரைசல் ரெண்டுல எது கம்மியோ அதுல 80% லோன். 6,95,000க்கு 5,56,000. மீதி 1,69,000 நீங்க. ஏற்கனவே 1,45,000 வச்சிருக்கீங்க, அப்போ கூடுதல் 24,000. அதுவும் இல்லன்னா லோனை 5,80,000லயே வைக்கச் சொல்லுங்க, 83.5% ஆகும், பிஎம்ஐ (லோன் 80%க்கு மேல போனா லெண்டர் பாதுகாப்புக்கு நாம கட்டுற இன்சூரன்ஸ்) விழும். மாசாமாசம் கொஞ்சம் கடிக்கும், ஆனா 80%க்கு இறங்கினதும் எடுக்கச் சொல்லி எழுதிக் கேக்கலாம்.

அதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டை வரி வரியா படிங்க. காப்பி கொடுக்கணும்ங்கிறது சட்டம். எந்த மூணு நாலு வீட்டை ஒப்பிட்டிருக்கார், எப்ப வித்ததுன்னு பாருங்க. ஃபினிஷ்ட் பேஸ்மென்ட்டைச் சதுர அடியில சேக்கலைன்னு சண்டை போடாதீங்க. மண்ணுக்குக் கீழ இருக்கிறது மெயின் பரப்புல வராது, தனி வரியா ஒரு தொகை போட்டிருப்பார்.

எடிசன்_புதுசு:
சித்தப்பா, ராத்திரி ஒரு மணி வரைக்கும் நானும் வீட்டுக்காரம்மாவும் ரிப்போர்ட்டோட உக்காந்தோம். ஒப்பிட்ட மூணுல ரெண்டு டிசம்பர்ல வித்தது. அதே காம்ப்ளெக்ஸ்ல, அதே மாடல், மூணு வாரம் முன்னாடி 7,18,000க்கு க்ளோஸ் ஆன வீட்டைக் காணோம். பாத்ரூமும் ஒண்ணு கம்மியா எழுதியிருக்கார்! மதிப்பை மறுபடி பாக்கச் சொல்லி இதையெல்லாம் ஏஜென்ட்டை விட்டு லெண்டருக்கு அனுப்பப் போறோம்.

பார்சிப்பனி_சித்தப்பா:
பாத்ரூமையா? அதையே முதல் வரியா போடுங்க.

எடிசன்_புதுசு:
ஒன்பது நாள் கழிச்சு அப்டேட்: 7,05,000 ஆக்கிட்டாங்க. இடைவெளி 20,000, நாங்க ஒத்துக்கிட்டது 15,000. மீதி 5,000ஐ செல்லர் ரெண்டு நாள் முறைச்சுட்டுக் குறைச்சுக்கிட்டார். விலை 7,20,000, லோன் 5,64,000. கையிலேருந்து கூடுதலா 11,000. இந்த வருஷம் ஊருக்கு டிக்கெட் போடலன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லல.