புதுப்பிப்பு: அடிக்கடி காணாமல் போன மூன்றாவது கார்டு

பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டுகள் நான்கை வைத்து ரிக் (கிரிப்டோ நாணயம் ஈட்டும், அதாவது மைனிங் செய்யும் கணினி) கட்டியதில், மூன்றாவது மட்டும் கணினிக்குத் தெரியாமல் அடிக்கடி காணாமல் போகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. கார்டில் குறையில்லை, கார்டை மதர்போர்டு ஸ்லாட்டோடு இணைக்கும் ரைசருக்கு, ஹார்ட் டிஸ்க்குகளுக்கான சாட்டா கேபிளில் மின்சாரம் கொடுத்ததுதான் தப்பு. அந்த முனை 54 வாட்தான் தாங்கும். ஸ்லாட் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். கழற்றினால் பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது! 6 பின் கேபிளுக்கு மாற்றினேன், நான்கு நாளாகத் தடங்கல் இல்லை.

அப்புறம் கரண்ட் பில். ரிக் நாள் முழுக்க 500 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. கார்டுகளின் வோல்டேஜைக் குறைத்து 400 வாட்டுக்குக் கொண்டுவந்தேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நெட்வொர்க்கே மைனிங் முறையைக் கைவிட்டதிலிருந்து எனக்கு ரேவன்காயின் என்ற வேறொரு கிரிப்டோ நாணயம்தான் கதி. வரவு பில்லுக்கே பத்தவில்லை. இப்போது இரவில் மட்டும் ஓட்டுகிறேன்.