மேடையில் ஓடும் நேரமும் திரையில் ஓடும் நேரமும்: உங்கள் அனுபவங்கள்

முள்ளியவளையிலிருந்து:

சென்ற வைகாசியில் எங்கள் ஊர்க் கோயில் வீதியில் ஆடப்பட்ட சிந்துநடைக் கூத்தை, தொடக்கம் முதல் விடியும்வரை ஒலிப்பதிவு செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவருடைய குரலில் முழுக் கூத்தும் ஒருமுறையாவது பதிவாகிவிட வேண்டும் என்பது ஊரவர் எல்லோருடைய விருப்பமுமாக இருந்தது. பாட்டுக்காரருக்கு ஓர் ஒலிவாங்கியும் உடுக்குக்கும் ஆர்மோனியத்துக்கும் பொதுவாக இன்னொன்றும் வைத்து, செக்கனுக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 24 பிட், ஸ்டீரியோ என்ற அளவில் மடிக்கணினியில் ஒரே வேவ் கோப்பாகப் பதிந்தேன். இரவு 9.40க்குத் தொடங்கிய கூத்து அதிகாலை 4.50க்கு வாழி பாடி முடிந்தபோது, திரையிலிருந்த நேரக்காட்டியும் சரியாக 7 மணி 10 நிமிடம் என்றே காட்டியது. அந்த நம்பிக்கையோடுதான் நிறுத்தினேன்.

மறுநாள் கோப்பைத் திறந்தபோது அதன் நீளம் 3 மணி 1 நிமிடம் 27 செக்கன் என்று வந்தது. அதற்குப் பின்னாலிருந்த நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட பகுதி, அதாவது கதை உச்சத்துக்கு ஏறும் பகுதி, எதுவுமே இல்லை. அண்ணாவியார் வீட்டுக்கு வந்து, "தம்பி, விடியப்புறப் பாட்டு கிடக்குதோ?" என்று கேட்டபோது நான் பட்ட வேதனையை இங்கே எழுதி விளக்க முடியாது.

பிறகுதான் காரணம் விளங்கியது. வேவ் கோப்பின் தலைப்பகுதியில் கோப்பின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் இடம் மட்டுமே உண்டு. அதனால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட எண்ணை அதில் எழுத முடியாது. நான் பதிந்த அளவில் ஒரு செக்கனுக்கு 2,88,000 பைட்டுகள் சேரும். அந்தக் கணக்கின்படி 4 மணி 8 நிமிடம் 33 செக்கனில் அந்த எல்லை நிரம்பி, எண்ணிக்கை மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. ஏழு மணி பத்து நிமிடத்திலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது, கோப்பு காட்டிய அதே 3 மணி 1 நிமிடம் 27 செக்கன். கணக்கு இப்படிப் பொருந்தியதும், ஒலி அழியவில்லை, அதன் நீளம்தான் தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்து எனக்கு மூச்சு வந்தது. கோப்பின் அளவும் வன்தட்டில் ஏழு ஜிகாபைட்டுக்கு மேல் இருந்தது.

ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், தலைப்பகுதி சொல்லும் நீளத்தைப் பாராமல் கோப்பை மூலத் தரவாக இறக்குமதி செய்யும் வழி உண்டு. முதல் முறை பேரிரைச்சல் மட்டுமே கேட்டது. தலைப்பகுதியின் 44 பைட்டுகளைத் தாண்டித் தொடங்குமாறு குறிப்பிட்ட பிறகு, உடுக்கொலி தெளிவாக எழுந்தது. அன்று மாலை விடியப்புறப் பாட்டு முழுவதையும் அண்ணாவியார் என் திண்ணையில் இருந்து கேட்டார்.

கிளிநொச்சியிலிருந்து:

உங்கள் பதிவு கிடைத்துவிட்டது என்பதில் மகிழ்ச்சி. நான் கீபோர்ட் வாசிப்பவன். கோயில் விழா மேடைகளில் பின்னணி இசையை மடிக்கணினியிலிருந்து ஓடவிட்டு அதனோடு வாசிக்கிறேன். ஒரு விழாவில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது 15 நிமிடம். திரையில் நேரம் தாளச் சுற்றுகளாக ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நான்கு அடிச் சுற்று ஒன்றுக்கு 2 செக்கன் ஆகும் என்பதால், 450 சுற்றில் முடித்தால் போதும் என்று மனதில் வைத்திருந்தேன். ஆனால் பாடகி தொண்டை சரியில்லை என்று சொன்னதால், 200 சுற்றுகளுக்குப் பிறகு வேகத்தை 96 ஆகக் குறைத்தேன். அந்த வேகத்தில் ஒரு சுற்று இரண்டரைச் செக்கன் எடுக்கும். நான் 450இல் நிறுத்தியபோது 17 நிமிடம் 5 செக்கன் ஆகியிருந்தது. அடுத்து ஆட வேண்டிய சிறுபிள்ளைகள் சலங்கையோடு மேடையோரம் வியர்த்து நின்றார்கள். அவர்களுடைய ஆட்டத்தில் ஒரு பாட்டைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்னும் நினைவில் நிற்கின்றன.

இப்போது நான் இசையை ஓடவிடும் ரீப்பர் மென்பொருளில் நேரக்காட்டியை வலது சொடுக்கி, நிமிடம்-செக்கனுக்கு மாற்றி, பெரிய கடிகாரச் சாளரத்தையும் திறந்துவைக்கிறேன். ஆனாலும் அது முழுத் தீர்வு ஆகாது. பாடகர் சரணத்துக்கு வரத் தாமதிக்கும்போது எட்டுச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், காட்டியும் ஒவ்வொரு முறையும் பின்னோக்கிப் போய்விடும். அது காட்டுவது இசையில் நாம் நிற்கும் இடம்; மேடையேறி எவ்வளவு நேரமாயிற்று என்பது வேறு. அதனால் கைப்பேசியில் நேரமானியைத் தனியாக ஓடவிட்டு, கீபோர்டின் இடது மூலையில் வைத்துக்கொள்கிறேன். முதல் அடி விழும்போது அதைத் தொடங்கும் வேலையை மிருதங்கக்காரத் தம்பி ஏற்றுக்கொண்டுள்ளார்.

மாங்குளத்திலிருந்து:

கூத்தைக் காணொளியாகவும் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒரே நேரத்தில் பதிந்தாலும், நேரத்தை அளக்க அவற்றின் உள்ளே துடிக்கும் படிகங்கள் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருந்தாலே மணிக்கு 0.18 செக்கன் விலகும். மூன்று மணிநேரத்தில் அது அரைச் செக்கனைத் தாண்டிவிடும். என் பதிவில் அப்படித்தான் நடந்தது: வரவுப் பாட்டில் உதட்டசைவும் குரலும் பொருந்தியிருந்தன, கடைசிக் காட்சியில் கால் தரையில் பட்டபின்தான் சதங்கை ஒலித்தது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒருவரைக் கமராவுக்கு முன்னால் கைதட்டச் சொல்லிவைத்தால், இரண்டு தட்டல்களுக்கும் இடையிலான நீளத்தை ஒப்பிட்டு ஒலியைச் சற்றே இழுத்தோ சுருக்கியோ சரிசெய்யலாம்.

முள்ளியவளையிலிருந்து மீண்டும்:

கைதட்டும் யோசனைக்கு நன்றி. நான் அதை எண்ணிப்பார்க்கவில்லை. இவ்வாண்டு வேவ் கோப்புக்குப் பதிலாக, 4 ஜிகாபைட் எல்லை இல்லாத ஆர்எஃப்64 வடிவத்தில் பதிந்தேன். பழைய மெமரி கார்டுகளில் கோப்புகளைச் சேமிக்கும் ஃபெட்32 முறையிலும் ஒரு கோப்பு அதே எல்லையில் நின்றுவிடும் என்பதால், நேரடியாக வன்தட்டிலேயே எழுதவைத்தேன். அத்தோடு, ஒவ்வொரு பாத்திரத்தின் வரவையும் கைக்கடிகார நேரத்தோடும் திரையிலிருந்த எண்ணோடும் கொப்பியில் இரண்டு நிரல்களாக என் மகள் எழுதிவந்தாள். நள்ளிரவு தாண்டி ஜெனரேற்றர் நின்று ஒலிவாங்கிகள் ஊமையாகியிருந்த ஆறு நிமிடமும், மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருந்ததால், பதிவில் வெறும் அமைதியாகவே இருக்கிறது. அது எந்த இடம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கொப்பியில் இரண்டு நேரமும் இருந்தன.